ஜபல் சாரின் ஊர்

முதல் நாள் நன்றி சொல்லித்தான் நான் கெடுத்துக்கொண்டேன்.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய தோல் தொழிற்சாலை அது. மாலைத் தேநீருக்கு விடும் நேரம். தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றும் ஃபினிஷிங் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த வெளிநாட்டு மாஸ்டர், கொட்டகை நிழலில் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். கைக்குள் அடங்கும் சுரைக்குடுக்கை ஒன்றில் காய்ந்த தழையைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, அதில் செருகியிருந்த உலோகக் குழலால் உறிஞ்சினார். தீர்ந்ததும் மறுபடி வெந்நீர் ஊற்றினார். எலுமிச்சைத் தோலால் குழலின் வாயை அழுத்தித் துடைத்துவிட்டுக் குடுக்கையை என்னிடம் நீட்டினார்.

குடித்தேன். நல்ல கசப்பு. திருப்பிக் கொடுக்கும்போது அரபியில் நன்றி சொன்னேன். குவைத்தில் லாரிக்குச் சரக்கு ஏற்றி இறக்கிக் கற்றுக்கொண்ட அரபி. அந்த அரபியை நம்பித்தான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என்னை, பேச்சுத் துணைக்கும் வண்டி ஓட்டவும் அவரிடம் விட்டிருந்தார்கள். அவர் தலையாட்டினார். துடைத்தார், ஊற்றினார், பிரிவு சூப்பர்வைசர் காதர் பாயிடம் கொடுத்தார். அடுத்து, தோல்களை எண்ணிக் கட்டும் செல்வியிடம். குடுக்கை சுற்றி வந்தது. என்னிடம் வரும் முறை வந்தபோது என்னைத் தாண்டிப் போனது. அடுத்த சுற்றிலும் தாண்டியது.

என் அப்பா சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறவைத்தவர். நானும் அந்தக் குழியில் இறங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தாண்டிப் பாத்திரம் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் தேடிக்கொண்டு வந்தார். ஏன் வரவில்லை என்றார். நான் மழுப்பாமல் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்கள் மலையில் குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்று பொருளாம். போதும் என்பவனுக்கு மேலும் கொடுப்பது மரியாதை இல்லை. வேண்டுமென்றால் பேசாமல் கொடுத்துவிட வேண்டும். அன்று அவருடைய தழை தீரும்வரை வாயைத் திறக்காமல் குடித்தேன்.

லெபனான் நாட்டில் மலைமேல் ஒரு ஊர் அவருடையது. எந்த ஊர் என்று கேட்டால் ஜபல் என்பார். ஜபல் என்றால் மலை. ஊர்ப்பெயரைச் சொன்னாலும் நம் வாயில் நுழையாது என்று அப்படிச் சொன்னாரோ என்னவோ, தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் ஜபல் சார் ஆனார். ஐம்பதைத் தாண்டிய வயது. பெய்ரூத்தில் செருப்புப் பட்டறையில் தொடங்கி, இத்தாலியில் தோல் வேலை கற்று, இங்கே வந்து சேர்ந்தவர். பதப்படுத்திய தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் சரி, சரியில்லை என்பார். பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனால் கறியை விட்டுவிட்டுத் தொட்டுக்கொள்ளத் தரும் கத்தரிக்காயையே திரும்பத் திரும்பக் கேட்பார். கடைக்காரர் ஒருநாள் அவருக்குக் கத்தரிக்காயை மட்டும் தனியாக ஒரு தட்டில் வைத்து, “சார், சோறு ஜாஸ்தியா போச்சுன்னா சொல்லுங்க, கம்மி பண்ணிடறேன்” என்றார்.

அந்தத் தழைக்கு மத்தே என்று பெயர். அது அவர்கள் மலையில் விளைவதல்ல. அங்கே பிழைக்க வழியில்லாமல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள், பின்னால் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பழக்கம். போனவர்கள் எல்லா வீட்டிலிருந்தும் போனார்கள். அதனால் எல்லா வீட்டுக்கும் மத்தே வந்துவிட்டது.

தனியாக அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு டம்ளரில் ஊற்றலாமே என்று மேலாளர் ஒருமுறை சொன்னார். அப்படியென்றால் நீங்கள் உங்கள் அறையிலேயே தேநீர் குடியுங்கள் என்று சார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வட்டத்தில் உட்கார்ந்தால் ஒரே குழல். விருப்பமில்லாதவரை வற்புறுத்தமாட்டார். ஆனால் மறுநாளும் கூப்பிடுவார். அதற்கு மறுநாளும் கூப்பிடுவார். மேலாளர் கடைசியில் வந்து உட்கார்ந்தது, கூப்பிட்டுக் கூப்பிட்டு இவருக்கு வாய் வலிக்குமே என்ற இரக்கத்தில்தான் என்று செல்வி சொல்வாள்.

தொழிற்சாலை வாசலில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. பச்சைத் தோலோடு வேலை செய்யும் டிரம் பிரிவு ஆட்கள் வந்தால் பேப்பர் கப். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கேட்டால் நாற்றம் ஒட்டிக்கொள்கிறது என்பார் கடைக்காரர். ஜபல் சார் இதைச் சில நாள் பார்த்தார். ஒருநாள் குடுக்கையை எடுத்துக்கொண்டு போய்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து வெந்நீர் மட்டும் கேட்டார். டிரம்காரர்கள் சிலரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். குடுக்கை சுற்றியது. கடைக்காரருக்கு ஆவல் தாங்கவில்லை. எனக்கும் ஒரு வாய் கொடுங்கள் என்று கை நீட்டினார். சார் துடைத்துக் கொடுத்தார். அவர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இன்னா சார் இது? வேப்பந்தழைய ஊறவச்சிட்டு ஃபாரின் சரக்குன்றீங்க?”

“உடம்புக்கு நல்லது,” என்றார் சார், அதற்குள் கற்றுக்கொண்ட தமிழில். “பேஜார் போய்டும்.”

கடைக்காரர் மறுபடி இழுத்தார். தனக்கு முன்னால் அந்தக் குழலில் யார் வாய் வைத்தார் என்று அவருக்கு உறைத்ததா என்று எனக்குத் தெரியாது. அதோடு அந்தக் கடையில் பேப்பர் கப் ஒழிந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சார் பெஞ்சுக்கு வந்தால் கடைக்காரர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

மசூதித் தெருவில் தன் வீட்டு மாடியைக் காதர் பாய்தான் அவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். அரபி பேசுகிறார், வாய்க்கு வாய் அல்லா என்கிறார், நம் ஆள்தான் என்று கொடுத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பியதும் பாய் என்னிடம் ஓடிவந்தார்.

“அல்லாங்கறாரு, சர்ச்சுக்குப் போறாரு. இன்னாய்யா ஆளு இவரு?”

அரபி பேசும் கிறிஸ்தவர்களும் கடவுளை அல்லா என்றுதான் சொல்வார்கள் என்று குவைத்திலேயே கேள்விப்பட்டிருந்தேன். பாய்க்குச் சொன்னேன். அவர் அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு மாடியேறிப் போய் நேராகவே கேட்டார். நீங்கள் என்ன ஆள்? ஜபல் சார் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அவர் ஊரைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. மேலே கிறிஸ்தவர் வீடுகள், சர்ச். கீழே துரூஸ் வீடுகள், அவர்கள் கூடி ஓதும் மண்டபம். நடுவில் ஒரு சுனை. துரூஸ் என்பவர்கள் வெகு காலத்துக்கு முன் இஸ்லாமிலிருந்து பிரிந்து தனி வழி போனவர்கள். வேதத்தை வெளியாருக்குக் காட்டமாட்டார்கள். தங்களுக்குள்ளேயே அதற்கென்று ஒதுங்கியவர்கள்தான் படிக்கலாம். புதிதாக யாரையும் சேர்ப்பதுமில்லை. செத்தவர் அந்த நிமிடமே இன்னொரு வீட்டில் குழந்தையாகப் பிறக்கிறார் என்று நம்புகிறவர்கள். கேட்டுக்கொண்டிருந்த நான், இது எங்கள் ஆட்கள் சொல்வதுபோல இருக்கிறதே என்றேன். பாய் என்னை முறைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் துரூஸ் பெண்களும் சர்ச்சில் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்று சார் சொன்னதும், எங்கள் தர்காவுக்கு வராத அம்மாக்களா என்று பாயும் முறைப்பை விட்டு இறங்கிவந்துவிட்டார்.

செல்விக்கு அந்த ஊரில் பிடித்தது பட்டு. குடியாத்தம் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறவள். ஒரு காலத்தில் அந்த மலை முழுக்க முசுக்கட்டை மரங்களாம். பட்டுப்பூச்சி வளர்த்து, நூல் எடுக்கும் ஆலைகள் வைத்து, கப்பலில் பிரான்சுக்கு அனுப்பினார்களாம். ஆலைக்கு வேலைக்குப் போனவர்கள் பெண்கள். அதைத் தடுக்கச் சர்ச் சாமியார்கள் ஒரு பக்கம், துரூஸ் பெரியவர்கள் ஒரு பக்கம் முயன்றார்கள். இரண்டு மதத்துப் பெரியவர்களும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான் என்பார் சார்.

“எங்க ஊர்ல நான் வேன் ஏறின அன்னிக்கும் அப்பிடித்தான் சார்,” என்றாள் செல்வி. “அதுக்கு முன்னாடி ஒத்தரோட ஒத்தர் பேசாதவங்கல்லாம் ஒண்ணா சேந்து எங்கப்பாவ திட்டனாங்க.”

ஊரின் நல்லதையெல்லாம் இப்படிச் சொல்லிக்கொண்டே வருவார். ஒரு இடத்தில் நிறுத்திவிடுவார். பழைய காலத்தில் ஒருமுறை இரு தரப்பும் வெட்டிக்கொண்டதையும், பின்னால் திரும்பி வந்து அதே சுனையில் தண்ணீர் எடுத்ததையும் சொல்வார். தன் காலத்தில் நடந்ததற்கு வரமாட்டார்.

அதை ஏலகிரியில் சொன்னார். விடுமுறை நாளொன்றில் வண்டியில் கூட்டிப்போயிருந்தேன். வளைவுகளில் ஏறும்போது, எங்கள் மலை இதைவிட உயரம் என்று குழந்தைபோல் பெருமை பேசிக்கொண்டு வந்தார். மேலே, சுற்றுலாக்காரர்கள் வராத பக்கம், ஒரு ஆள் மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தான். இந்தப் பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தான். சார் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் ஊரில் சுனைத் தண்ணீருக்கு முறை உண்டு. எந்தக் குடும்பத்துக்கு எந்த நேரம் என்பது பாட்டன் காலத்துக் கணக்கு. அதில் மதம் கிடையாது. ஒரு வீட்டின் முறை முடிந்தால் அடுத்த வீட்டு ஆள் வந்து, இருவரும் ஒரு வாய் மத்தே குடித்து, கல்லை நகர்த்தி வாய்க்காலை மாற்றிக்கொள்வார்கள். அடுத்தவன் வரும்வரை முதல் ஆள் இடத்தை விட்டுப் போகக்கூடாது. போனால் தண்ணீர் பாழ். ஊருக்குச் செய்கிற துரோகம் அது. இவர்கள் வீட்டு முறைக்கு அடுத்தது கீழ்த்தெருவிலிருந்த ஒரு துரூஸ் வீடு.

சாருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது நாட்டில் நடந்துகொண்டிருந்த உள்நாட்டுச் சண்டை மலைக்கும் ஏறியது. மேல்தெருக்காரர்கள் எல்லோரும் கிடைத்த லாரியில் ஏறினார்கள். அம்மாவும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். அப்பா மட்டும், முறை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, கீழ்வீட்டுப் பையன் வருவான், ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றார். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லையாம். முறை என்றால் முறைதான். லாரி போய்விட்டது. அவரை வாய்க்கால் ஓரத்திலேயே சுட்டுவிட்டார்கள். சுட்டவர்களை அங்கே கூட்டிக்கொண்டு வந்தது அந்தக் கீழ்வீட்டின் மூத்த மகன். பிறகு மேல்தெரு வீடுகளுக்கு வெடி வைத்தார்கள்.

“எங்க ஆளுங்களும் பக்கத்து ஊர்ல இதையேதான் செஞ்சாங்க,” என்றார். “அத உங்கிட்ட சொல்லலன்னா கத பாதிதான்.”



அதற்கு அடுத்த ஆண்டு அந்தக் கீழ்வீட்டின் இளைய மகன் வேலூருக்கு வந்தார். சாரின் வயதுதான் அவருக்கும். அந்த நாட்டில் பணம் மதிப்பிழந்து மருத்துவம் கைக்கு எட்டாமல் போனபிறகு, மனைவியின் இதய அறுவைக்காக வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார். பெய்ரூத்தில் இருந்த சாரின் அம்மாவிடம் எண் வாங்கி, தினமும் போன் செய்தார். சார் எடுக்கவில்லை. மணி அடிக்க அடிக்கப் போனைப் பெட்டியின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மத்தே ஊற்றுவார்.

யார் என்று செல்வி கேட்டாள். நான் சொன்னேன். அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

“எங்க எல்லார்கூடவும் ஒரே குழல்ல குடிக்கறீங்க,” என்று அவரிடமே கேட்டாள். “அவருகூட மட்டும் ஏன் சார் மாட்டீங்க?”

அவர் கோபப்படவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “உங்ககூட குடிக்கறது ஈஸிம்மா. உங்களால எனக்கு ஒண்ணும் போகல.”

அத்தனை நாளும் அவரைப் பெரிய மனிதர் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நினைத்தேன். தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்?

போன் எடுக்காததால் அந்த மனிதர் ஆம்பூருக்கே வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். வெள்ளைக் குல்லா, உதட்டை மறைக்கும் மீசை, தொளதொளவென்று கறுப்புக் காற்சட்டை. யாரோ மார்க்கம் படித்த பெரிய ஹஜ்ரத் என்று நினைத்துக் காதர் பாய் சலாம் வைத்து மாடிக்குக் கூட்டிவந்தார். நான் அங்கே கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். சார் கதவருகே வந்து பார்த்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழியை விட்டு நகர்ந்தார். அவ்வளவுதான்.

அவர்கள் பேசியது மலை அரபி. எனக்குத் தெரிந்தது குவைத் அரபி. பாதி எனக்கே புரிந்தது, மீதியைச் சார் பிறகு சொன்னார். என் பேச்சில்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்தவருக்குச் சார் காபி போட்டார். விரோதியே ஆனாலும் வாசல் தாண்டி வந்தவருக்குக் காபி வைத்தாக வேண்டும். வந்தவர் கோப்பையை வாங்கி, குடிக்காமல் முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தார். சாரின் முகம் மாறிவிட்டது. அவர்கள் பக்கத்தில் கோரிக்கையோடு வந்தவர் காபியைத் தொடமாட்டார். நீ கேட்டது ஆயிற்று, குடி என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகே குடிப்பார். குடிக்காமல் எழுந்து போனால் இரண்டு வீட்டுக்கும் அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

கோரிக்கை இதுதான். ஊரில் சமாதானக் கூட்டம் வைக்கப் போகிறார்கள். அது நடந்தால்தான் ஓடிப்போன மேல்தெருக்காரர்கள் திரும்பி வந்து வீடு கட்டலாம், அரசு உதவி கிடைக்கும். ஆனால் கொலையுண்ட ஒவ்வொருவர் வீட்டிலும் சம்மதம் சொல்ல வேண்டும். இரு தரப்பிலும் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். சாரின் வீடு ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு வீட்டுக்காக மற்றவர்கள் பல வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

 சார் கேட்டார். “அன்னிக்கு முறை மாத்த யார் வரணும்?”

“நான்தான்.”

“வந்தியா?”

“வந்தேன். தூரத்துல இருந்தே பாத்தேன். அண்ணன் அங்க நின்னுட்டு இருந்தான், ஆளுங்களோட. உங்கப்பா என்னைப் பாத்துட்டார். கிட்ட வராதன்னு கையக் காட்டினார். நான் ஓடிட்டேன்.”

கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து பெண்கள் குடங்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே மாடியில் இரண்டு பேரும் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க அண்ணன்?” என்றார் சார்.

“அடுத்த வருஷமே சண்டையில செத்துட்டான். எங்க நம்பிக்க உனக்குத் தெரியும். அவன் எங்கயோ மறுபடி பொறந்து, இந்நேரம் புள்ள குட்டியோட இருப்பான். அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. நீ கோவப்படறதுக்கு அவன் இல்ல. நான்தான் இருக்கேன். அதனாலதான் வந்தேன். என்மேல கோவப்படு.”

சார் எழுந்து மொட்டைமாடிப் பக்கம் போய் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் வைத்துக் கத்தித்தான் பேசுவார். அறைக்குள் எல்லாம் கேட்டது. ஊர்ப் பெரியவர்கள் வந்து கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா, மகனைக் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார். இவரோ, அம்மா உயிரோடு இருக்கும்வரை நான் சம்மதம் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா முதலில் கேட்டது, வந்தவன் சாப்பிட்டானா, அவன் பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று. சார் விஷயத்தைச் சொன்னார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

“நீ ஒத்துக்கமாட்டேன்னு தெரிஞ்சுதான்டா நானும் உன்னக் கேக்கச் சொல்லி அனுப்பினேன்,” என்றது போன். “உனக்கு அந்தக் கோவம் வேணும்போல, பறிக்கக்கூடாதுன்னு நெனச்சேன்.”

“நான் உனக்காகத்தாம்மா...”

“எனக்கு எண்பது தாண்டிடுச்சு. சாவறதுக்குள்ள என்ன மலைமேல நம்ம ஊருக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லு அவங்கிட்ட.”

சார் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். ஸ்டூலைப் பார்த்தார்.

“ஆறிடுச்சு,” என்றார். “குடி.”

வேறு காபி போட்டுத் தருகிறேன் என்று நான் கோப்பையை எடுக்கப் போனேன். வந்தவர் என் கையைத் தடுத்துவிட்டு, அந்த ஆறிப்போன காபியை வண்டலோடு ஒரே மூச்சில் குடித்தார். கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. வேலூருக்கு எத்தனை மணி பஸ் என்று சார் கேட்டார். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வழியெல்லாம் அந்த மனிதர் பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறு எங்கே என்று ஒரு தடவை கேட்டார். இதுதான் என்றேன்.

அதன்பிறகு சார் தெளிந்துவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு வாரம் ஆள் சரியில்லை. நிறம் தப்பாகக் கலந்து ஒரு கட்டுத் தோலைக் கெடுத்தார். அவர் கெடுத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. என்ன சார் என்றேன். “வேலைக்குப் போற மாதிரி டெய்லி அந்தக் கோவத்துக்குப் போய்ட்டு வந்துட்டு இருந்தேன் தோஸ்த். இப்ப லீவு உட்டுட்டாங்க. பொழுது போகல,” என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

அவர் ஆம்பூரை விட்டுக் கிளம்பியது அதற்கும் ஒரு வருடம் கழித்து. அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஒப்பந்தம் முடிந்தது, போனார். நான் அதற்கு முன்பே ராணிப்பேட்டைப் பக்கம் லாரிக்குப் போய்விட்டேன். அவரை நினைக்கும்போது எனக்கு வருவது, நான் போவதற்குமுன் அந்தச் சமாதானக் கூட்டம் நடந்த நாள்தான்.

அதற்கு அவர் போகவில்லை. போனால் அழுதுவிடுவேன், மந்திரிகள் என்னைப் பிடித்துவைத்து போட்டோ எடுப்பார்கள் என்றார். எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை. கொட்டகையில் தண்ணீர்ப் பிளாஸ்கின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நேரலையாகப் பார்த்தார். டிபன் டப்பாவோடு நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம். மலைச் சரிவில் கறுப்பு உடையும் வெள்ளைக் குல்லாவுமாக ஒரு கூட்டம், அங்கியும் சிலுவையுமாக ஒரு கூட்டம். நடுவே வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மலைமேல் அத்தனை நாற்காலி போடச் சமதளம் எங்கே கிடைத்தது என்று காதர் பாய் கேட்டார். வீடுகள் இருந்த இடம், தளம் மட்டும் மிச்சம் இருக்கிறது என்றார் சார்.

“இதுல எது சார் உங்க வீடு?” என்றாள் செல்வி.

“நாலாவது வரிசைலேர்ந்து மேடை வரைக்கும்,” என்று விரலால் காட்டினார்.

வேலூருக்கு வந்தவரின் மகன்கள் இருவர், சாரின் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். முன்வரிசையில், மந்திரிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். பேச்சு தொடங்கியது. ஒருவர் முடித்து இன்னொருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எழுந்தார். கையை ஊன்றி ஊன்றி வரிசையை விட்டு வெளியே நடந்தார். யாரோ பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பந்தலுக்கு வெளியே, அதே தளத்தின் மூலையில், நல்ல வெயிலில் ஓரிடத்தைக் காட்டி அங்கே போடச் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். நிழலுக்கு வரச்சொல்லி ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. மேடையில் பேச்சு நின்றுபோய், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

“பாவம், ஏன் சார் அங்க போய் வெயில்ல உக்காந்துட்டாங்க?” என்றாள் செல்வி.

“அங்கதான் எங்க அடுப்பு இருந்திச்சு,” என்றார்.